ரெண்டு வைத்தியருக்கும் பாதிப் பாதி சொல்ற மருமகனுக்கு

வா மருமகனே. ஸ்டூல் வேணாம், கதவோரமா இந்த வாங்குல உக்காரு. எப்படியும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு வெளியே ஓடப்போறே. பிளேன்டீ கோப்பையைத் தட்டி விடாமப் போய் வர வசதியா இருக்கட்டும்.

மொறைக்காதே. உன் வீட்டுல நடக்கிற கூத்து எனக்குத் தெரியும். அரிசிப் பெட்டிக்குப் பின்னாடி நாட்டு வைத்தியர் வெத மாத்தயா குடுத்த கசாயப் போத்தல். சாமிப் படத்துக்குப் பின்னாடி ஆஸ்பத்திரிக் குளுசை. கசாயம் குடிக்கிறதை டாக்டர்கிட்ட சொல்றதில்ல, ஏசுவாராம். குளுசை போடுறதை வெத மாத்தயாகிட்ட சொல்றதில்ல, அந்த மனுசன் மனசு நோகுமாம். பொண்டாட்டிகிட்ட ரெண்டையுமே சொல்றதில்ல. அந்த வீட்டைக் கூட்டி அள்ளுறவ யாரு? சாமிப் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறவ யாரு? என் மக போன்ல சொன்னப்ப அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. சிரிச்சா. "அப்பா, இவரு ரெண்டு வைத்தியருக்கும் பாதிப் பாதி சொல்றாரு, ரெண்டு பேரும் சேர்ந்தும் ஒரு முழு ஆளைப் பார்க்கலை"ன்னா. எட்டாம் வகுப்போட பேர் பதிஞ்சு கொழுந்துக்குப் போன புள்ளை. எனக்கு என்னமோ அவளையே கிளினிக்ல உக்கார வச்சிருக்கலாம்னு தோணுச்சு.

நான் டாக்டரில்ல, அதை முதல்லயே சொல்லிர்றேன். தோட்டத்து டிஸ்பென்சரியில போத்தல் கழுவி, மிக்சர் ஊத்தி, புண்ணுக்கு மருந்து கட்டிப் பழகினவன். மீதி அறிவெல்லாம் பேத்தி குடுத்தது. அதாவது நீ பெத்த மக. நர்சிங் படிக்கிற புள்ளையை வீட்டுல வச்சுக்கிட்டு, உன் வருத்தத்தை கொடகவெல பஸ் ஸ்டாண்டுல லொத்தர் விக்கிறவன்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கே. மககிட்ட இதை எப்படி மாமா பேசுறதுன்னு கேப்பே. லொத்தர்காரன்கிட்ட மட்டும் எப்படிப் பேசினே?

சரி, எதுக்கு ரெண்டு பக்கமும் மருந்து திங்கிறோம்னாவது தெரிஞ்சுக்க. மூத்திரப் பைக்குக் கீழே, நீர் எறங்குற குழாயைச் சுத்தி இருக்கிற சுரப்பிக்குப் பேரு புரஸ்டேட். வாலிபத்துல 20 கிராம் போல இருக்கும். விந்து ஓடுறதுக்குத் தண்ணி சேர்க்கிறது அதோட வேலை. வயசு போனா நமக்கு எல்லாம் சுருங்குது, முடி, பல்லு, சம்பளம், மரியாதை. அது ஒண்ணுதான் வளரும். 60 வயசை ஒட்டினவங்கள்ல பாதிப் பேருக்கு வளர்ந்திருக்கும், 80 தாண்டினா பத்துல எட்டு ஒம்பது பேருக்கு. வளர்ந்தா நடுவுல போற குழாயை நெரிக்கும். கத்தி வச்ச ரப்பர் மரமெல்லாம் சிரட்டை நெறையப் பால் எறக்குச்சுன்னு பெருமை பேசின ஆளு நீ. இப்ப உன் சிரட்டையில சொட்டுச் சொட்டாத்தான் விழுதுன்னா அதுக்கு யாரும் செய்வினை வைக்கலை.

இந்த வீக்கம் வேற, புற்று வேற. வீக்கம் முத்திப் புற்றா மாறுறதில்ல. ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்கு வரலாம். புற்று ஆரம்பத்துல பெரும்பாலும் சத்தமே போடாது. "எனக்கு நல்லாத்தானே போகுது"ன்னு மார் தட்டுறவனுக்கும் அது இருக்கலாம், ராத்திரி பூரா நடக்கிற உனக்கு அது இல்லாமலும் இருக்கலாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தா நமக்கு வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்கு போல. உன் பெரியண்ணன் எதுல போனாருன்னு கேட்டா "வயசாயிருச்சு"ங்கிறே. வயசு ஒரு வருத்தமா மருமகனே? வீட்டுல கேட்டுப் பாரு, அண்ணிக்குத் தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. ராத்திரி எந்திரிக்கிறவனெல்லாம் புரஸ்டேட்காரன் இல்ல. சீனி வருத்தம் இருந்தாலும் அப்படித்தான் ஓட வைக்கும். பிரஷருக்குக் குடுக்கிற நீர் போற குளுசையைப் பொழுது சாய்ஞ்ச பிறகு போட்டாலும் ஓட வைக்கும். பத்து மணிக்கு ரெண்டு கோப்பை பிளேன்டீ குடிச்சாலும் ஓட வைக்கும். சீனி பார்த்தியான்னு கேட்டா, தேத்தண்ணிக்கு எவ்வளவு போடுறேன்னு கணக்குச் சொல்றே.

இப்ப ஒளிச்சு வச்சுக் குடிக்கிறதால என்ன வரும்னு சொல்றேன். போன மழைக்கு நம்ம தோட்டத்து மேக்கணக்குல ஒரு ஆளு. பேரு வேணாம், உன்னை மாதிரியே வைராக்கியம். அவருக்கும் இந்த நீர்ச் சிக்கல் உண்டு, யார்கிட்டயும் மூச்சு விடலை. தடுமல் புடிச்சுச்சு. கடையில பிரிட்டன்னு கேட்டு வாங்குவோமே, அந்த மஞ்சள் குளுசையை ரெண்டு போட்டு, குளிருக்கு மேல ஒரு கால் போத்தல் சாராயமும் ஏத்திட்டுப் படுத்தாரு. அந்தத் தடுமல் குளுசை மூக்கு ஒழுகலை மட்டும் நிறுத்தாது, மூத்திரப் பை சுருங்குறதையும் மந்தமாக்கும். மூக்கடைப்பைத் திறக்கிற சில குளுசை அந்தக் குழாய் வாயையே இன்னும் இறுக்கும். புரஸ்டேட் வீங்கினவனுக்கு ரெண்டும் ஆகாது. விடியுறப்ப ஒரு சொட்டு எறங்கலை. வயிறு மத்தளம். வீட்டுல என்ன செஞ்சாங்க? நீர் போகணும்னா பொல்பலாதான்னு பக்கத்து லயத்து ஆச்சி சொல்ல, ஒரு சட்டி அவிச்சுக் குடுத்திருக்காங்க. அது போதலைன்னு இன்னொரு சட்டி. வாய்க்கா அடைச்சுக்கிட்டா எவனாவது மேல மடையைத் திறந்து விடுவானா? மனுசன் லயத்துச் சுவரைப் பிறாண்டிக்கிட்டு இருந்திருக்காரு.

கடைசியில ஒரு பொடியன் 1990க்கு அடிச்சான். சுவசெரிய ஆம்புலன்ஸ், 2016ல தொடங்கினது, சதம் காசு வாங்க மாட்டாங்க. ஆஸ்பத்திரியில டியூப் போட்ட உடனே லீட்டருக்கு மேல எறங்குச்சாம். அதுக்கப்புறம் நர்ஸ் நோனாவைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். ஒரு டியூப் வாங்குன கும்பிடு, அவரு தெய்வத்துக்குக்கூடப் போட்டதில்ல.

பொல்பலாவை நான் குறை சொல்லலை. நம்ம ஊர்ப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுற சிறுபீளைதான் அது, சிங்கள ஆளுக வாயில பொல்பலா. எங்க அம்மா அவிச்சுக் குடுத்திருக்கா, உங்க அம்மாவும் குடுத்திருப்பா. நெருஞ்சி, மூக்கிரட்டை, மாவிலங்கப் பட்டை, எல்லாம் நீர் பெருக்குறதுக்குப் பெரியவங்க கண்ட வழி. ஆனா நீர் பெருக்குறது வேற, அடைச்ச வாயைத் திறக்கிறது வேற. சிறுநீரகம் பழுதான ஆளு எந்த இலையையும் கேட்டுத்தான் குடிக்கணும். இந்தக் காமரங்காயைப் பாரு, கல்லுக் கரையும் சீனி குறையும்னு சாறு புழிஞ்சு குடிச்சு சிறுநீரகத்தைக் கெடுத்துக்கிட்டவங்களை நம்ம நாட்டு டாக்டர்மாரே எழுதி வச்சிருக்காங்க. மரத்துல காய்க்கிறதெல்லாம் மாமியார் வீட்டு விருந்து இல்ல.

வெத மாத்தயாவையும் நான் குறைச்சு மதிக்கலை. இந்த நாட்டுல ஆயுர்வேதத்துக்குத் தனிச் சட்டமே இருக்கு, 1961ல வந்த 31ஆம் இலக்கச் சட்டம். சித்தம், யூனானி, தேசிய வைத்தியம் எல்லாம் அதுக்குள்ள அடங்கும். மகரகம பக்கம் நாவின்னயில அரசாங்கமே ஆராய்ச்சி நிலையம் நடத்துது, யாழ்ப்பாணம் கைதடியில சித்த ஆஸ்பத்திரி இருக்கு. பதிஞ்ச வைத்தியர் ஒருத்தர் உன் நாடியைப் புடிச்சுக்கிட்டே, நீ என்ன திங்கிறே, எப்ப தூங்குறே, மலம் போகுதா, கவலை என்னன்னு அரை மணித்தியாலம் கேப்பாரு. பெரியாஸ்பத்திரியில அவ்வளவு நேரம் கேக்க முடியாது, வெளியே நூறு பேரு துண்டோட நிக்கிறாங்க. அந்த அரை மணித்தியாலத்துக்காகவே போகலாம். ஆனா அவரு அவ்வளவு கேட்டும் நீ குளுசையை மறைச்சேனா, அவரு யாருக்கு மருந்து குடுத்தாரு? உன் சட்டைக்கா?

பதிவு இல்லாத மகான்கள் கதை தனி. நம்ம சப்ரகமுவ மாகாணத்துக்கு அதுல ஒரு பேர் உண்டு. 2020 டிசம்பர்ல, கேகாலை ஹெட்டிமுல்லயில தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்குச் சனம் கொரோனாவை மறந்து ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துச்சே, நினைவிருக்கா? காளியம்மா கனவுல சொன்னதாக் கதை. அப்ப நம்ம ரத்தினபுரி மாவட்டத்து எம்.பி.யாவும் சுகாதார அமைச்சராவும் இருந்த பவித்ரா வன்னியாராச்சி நோனா எல்லாரும் பார்க்கக் குடிச்சுக் காட்டினாங்க. அடுத்த ஜனவரியில அவங்களுக்கே கொரோனா. ஆஸ்பத்திரிக்குத்தான் போனாங்க. நல்லபடியா வந்தாங்க, சந்தோசம். நீ அந்த வரிசையில நிக்கலைன்னு சத்தியம் பண்ணாதே, உன் மச்சான் போட்டோ காட்டிட்டான்.

வெள்ளைக்காரனும் இதுல நமக்குக் குறைஞ்சவன் இல்ல. அமெரிக்காவுல பி.சி. ஸ்பெஸ்னு எட்டு மூலிகை சேர்ந்த மாத்திரை வித்தாங்க, புரஸ்டேட் புற்றுக்காரங்களுக்குன்னே. சாப்பிட்டவங்களுக்கு ரத்தத்துல புரஸ்டேட் நிலையைக் காட்டுற பி.எஸ்.ஏ. அளவு நெசமாவே எறங்குச்சு. பச்சிலையோட மகிமைன்னு கொண்டாடினாங்க. பிறகு சோதிச்சுப் பார்த்தா, உள்ளே ஆய்வுகூடத்துல செஞ்ச பொம்பளை ஹார்மோன் மருந்து இருக்கு, ரத்தம் உறையாம வைக்கிற வார்ஃபரின் இருக்கு. 2002ல கடையில இருந்து தூக்கினாங்க. ஆம்பளை ஹார்மோனை அடக்கினா அந்தப் புற்று அடங்கும்னு சிக்காகோவுல சார்ல்ஸ் ஹக்கின்ஸ்ங்கிற டாக்டர் 1941லயே காட்டி, 1966ல நோபல் பரிசும் வாங்கிட்டாரு. பச்சிலைக்குள்ள ஒளிஞ்சிருந்தது அதே பழைய இங்கிலிஷ் மருந்துதான். நீ கசாயத்தை டாக்டருக்கு ஒளிக்கிறே. அங்க டாக்டர் மருந்தையே கசாயத்துக்குள்ள ஒளிச்சுட்டான். வார்ஃபரின் உள்ள போறது தெரியாம ஒருத்தன் பல்லுப் புடுங்கப் போனா என்னாகும்னு யோசி.

அவங்க ஊர்ப் பச்சிலையும் ஒண்ணு உண்டு. சோ பால்மெட்டோ, குட்டைப் பனை. அதோட பழச் சாத்தை மாத்திரையாக்கி உலகம் பூரா விக்கிறான். 2006ல 225 ஆம்பளைங்களுக்கு ஒரு வருசம் குடுத்துப் பார்த்தாங்க, பாதிப் பேருக்கு நெசம், பாதிப் பேருக்குச் சும்மா மாத்திரை. ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி. அளவு பத்தலையோன்னு சந்தேகம் வந்து, 2011ல 369 பேருக்கு மூணு மடங்கு வரைக்கும் ஏத்திப் பார்த்தாங்க. அப்பவும் அதேதான். வைட்டமின்னா கெடுதல் வராதேன்னு நீ சொல்லுவே. 2001ல 35,000 பேருக்கு மேல சேர்த்து வைட்டமின் ஈயும் செலினியமும் குடுத்தாங்க, புற்று வராமத் தடுக்கும்னு. 2008ல பாதியில நிறுத்திட்டாங்க. 2011ல கணக்குப் பார்த்தா, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவங்களுக்குப் புற்று 17 வீதம் கூட. உன் அரிசிப் பெட்டிப் பக்கம் ஒரு வைட்டமின் போத்தலும் இருக்குன்னு கேள்வி. டுபாய்ல இருந்து வந்துச்சாமே.

அதுக்காக ஆஸ்பத்திரிக் குளுசையைக் கேள்வி கேக்காம முழுங்குன்னு சொல்லலை. அதுலயும் ரெண்டு சாதி இருக்கு, தெரிஞ்சுக்க. டாம்சுலோசின் மாதிரி ஒண்ணு, குழாயைச் சுத்தி இருக்கிற தசையைத் தளர்த்தும். சில நாள்லயே பலன் தெரியும். ஆனா படுக்கையில இருந்து வெடுக்குன்னு எந்திரிச்சா தலை கிறுகிறுக்கும். லயத்துப் படி மழையில எப்படி இருக்கும்னு உனக்குச் சொல்ல வேண்டியதில்ல. கட்டில்ல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு எந்திரி. கண்ணுல வெள்ளை படர்ந்து ஆப்பரேசனுக்குப் போறப்ப, இந்தக் குளுசை போடுறேன்னு கண் டாக்டர்கிட்ட மறக்காமச் சொல்லணும். கண்மணியைச் சுத்தி இருக்கிற திரை தொளதொளன்னு ஆகி அவருக்கு வேலை கஷ்டமாகும். நீ என்ன நெனைப்பே? மூத்திரக் குளுசைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னு வாயை மூடிக்குவே. டாக்டர்மார் 2005ல அந்தக் கண் தொல்லைக்குத் தனிப் பேரே வச்சிருக்காங்க.

ரெண்டாவது சாதி ஃபினஸ்டரைட். அது சுரப்பியையே சுருக்கும், ஆனா ஆறு மாசம் வரை பொறுக்கணும். ஒரு மாசத்துல "இது சரியில்ல மாமா"ன்னு நிறுத்தினா அது குளுசையோட பிழை இல்ல. அதைப் போட்டா பி.எஸ்.ஏ. பாதியாத்தான் காட்டும். ரத்தம் எடுக்கிற எடத்துல அதைச் சொல்லலைன்னா, இருக்கிற ஆபத்தை இல்லைன்னு எழுதிருவாங்க. வயித்துல புள்ளை இருக்கிற பொம்பளைக அந்தக் குளுசையோட உடைஞ்ச தூளைத் தொடக்கூடாது. உன் மருமக முழுகாம இருக்கா, நீ சாமிப் படத்துக்குப் பின்னாடி வச்சிருக்கே. விளக்கேத்துறது அவதானே?

இன்னும் ஒண்ணு இருக்கு, அதை மெதுவாச் சொல்றேன், காதைக் கிட்டக் கொண்டா. அந்த நீலக் குளுசையும் இந்தத் தசை தளர்த்துற குளுசையும் ஒண்ணாச் சேர்ந்தா பிரஷர் கிணத்துல விழுந்த மாதிரி எறங்கும். நெஞ்சு வலிக்கு நாக்குக்குக் கீழ வைக்கிற மருந்து போடுறவன் அதைத் தொடவே கூடாது. "அதெல்லாம் இல்ல மாமா, கடையில மதன மோதக உருண்டைதான்"னு சொல்லாதே. அதுல கஞ்சா இலை சேர்ற விசயம் உனக்குத் தெரியாதா என்ன? அதைத் தின்னுட்டு எந்திரிக்கிறப்ப கிறுகிறுத்தா எந்த மருந்தோட வேலைன்னு எந்த வைத்தியர் கண்டுபிடிப்பாரு? நான் சிரிக்கலை. தொண்டை கரகரப்பு.

ஆக, ரெண்டு வைத்தியத்தையும் சேர்த்துக்கிறேன்னு நீ செய்யுறது என்னன்னா, ரெண்டு கையாலயும் வாயில போடுறே, அவ்வளவுதான். வெத மாத்தயா குடுத்ததையும் நீ குளுசையாத்தானே பார்க்கிறே? எட்டுக்கு ஒண்ணாச் சுண்டக் காய்ச்சின குளுசை. அவரு அதோட சேர்த்துச் சொன்னதெல்லாம் எங்க போச்சு? ராத்திரிச் சாப்பாட்டை நேரத்தோட முடி, சாராயத்தை விடு, நட, கொழுப்பைக் குறை, மலச்சிக்கல் வராமப் பாரு. அதெல்லாம் போத்தல்ல அடைச்சு வரலை, அதனால உனக்கு அது வைத்தியமாத் தெரியலை. ஆஸ்பத்திரி டாக்டரும் கிளினிக் கொப்பியில அதேதான் எழுதி இருக்காரு, சிங்களத்துல. சண்டை போடுறாங்கன்னு நீ நெனைக்கிற ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லி இருக்காங்க, நீதான் அந்த ஒண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் முழுங்கி இருக்கே.

வேலையில இருந்தப்ப விடிய முன்ன பால் வெட்ட மலை ஏறி எறங்கினே, வயிறு முதுகோட ஒட்டி இருந்துச்சு. இப்ப கடைக்கு 300 யார் போக த்ரீவீல். நடக்கிறவனுக்கு இந்த நீர்ச் சிக்கல் குறைவு, தொப்பை போட்டவனுக்குக் கூட. புற்றுக்கு ஹார்மோன் ஊசி போடுறவங்களுக்குக்கூட உடற்பயிற்சி அசதியைக் குறைக்குது, தசை கரையாமப் பார்க்குதுன்னு டாக்டர்மாரே எழுதிக் குடுக்கிறாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல தண்ணி தேத்தண்ணியைக் குறை, ஆனா பகல்ல குடிக்காம இருந்துராதே, நீர் கடுத்து வேற கேட்டைக் கொண்டு வரும். போயிட்டு வந்த உடனே ஓடி வராதே, கொஞ்சம் நின்னு ரெண்டாந்தரம் முயற்சி பண்ணு. நீரை அடக்குவோமே, அந்தத் தசையைச் சும்மா இருக்கிறப்ப இறுக்கிப் புடிச்சு விட்டுப் பழகு. கடைசியா வேட்டியில சொட்டுறதுக்கு அது நல்லது, ஆப்பரேசன் பண்ணினவங்களுக்கும் அதைத்தான் சொல்லிக் குடுக்கிறாங்க. பஸ்ல போறப்பவும் செய்யலாம், யாருக்கும் தெரியாது, மூஞ்சியை மட்டும் அப்படி வச்சுக்காதே.

ராத்திரிக்கு கட்டிலடியில ஒரு பெயின்ட் வாளி வை. வெக்கம் ஒண்ணுமில்ல. கக்கூசு லயத்துக் கோடியில, மழையும் இருட்டும், படியில பாசி, குறுக்க பன்றி. இடுப்பு உடைஞ்சு படுத்தா அப்புறம் புரஸ்டேட்டைப் பத்தி யாரும் விசாரிக்க மாட்டாங்க. விடிஞ்சதும் வாளியை நீதான் கழுவணும், என் மக இல்ல.

சோறு கறியில பெரிய மந்திரம் கிடையாது. தக்காளி தின்னா புற்று ஓடிரும்னு எவனாவது சொன்னா தக்காளி விக்கிறவன்தான் அவன். அமெரிக்காவுல 478 பேரை, மெதுவான புற்று இருக்கிறவங்களை எடுத்து, அதுல பாதிப் பேருக்குப் போன்லயே சொல்லிச் சொல்லி மரக்கறி நிறையத் திங்க வச்சாங்க. 2020ல முடிவு வந்துச்சு, புற்று முன்னேறுறதுல பெரிய வித்தியாசமில்ல. அப்ப ஏன் திங்கணும்னு கேக்காதே. புரஸ்டேட்காரங்கள்ல நிறையப் பேரு புரஸ்டேட்டால சாகலை, மாரடைப்பால சாகுறாங்க. கொள கெந்த இலைக்கஞ்சி குடி, வல்லாரைச் சம்பல் தின்னு, பாணை மட்டும் கொஞ்சம் விடு.

இங்கிலிஷ் வைத்தியமும் தவறே செய்யாததில்ல. பி.எஸ்.ஏ. சோதனை பரவினப்ப, சும்மா கெடந்த புற்றையெல்லாம் கண்டுபிடிச்சு வெட்டித் தள்ளி, நிறைய ஆம்பளைங்களுக்கு நீர் ஒழுகுற கஷ்டத்தையும் வேற கஷ்டத்தையும் குடுத்துட்டாங்க. பிறகு பிரித்தானியாவுல 1,643 பேரை மூணாப் பிரிச்சாங்க. ஆப்பரேசன் ஒரு பங்கு, கதிர் வைக்கிறது ஒரு பங்கு, சும்மா கண்காணிக்கிறது ஒரு பங்கு. 15 வருசம் கழிச்சு, 2023ல சொன்ன கணக்கு: மூணு பங்குலயும் நூத்துக்கு 97 பேரு போல அந்தப் புற்றால சாகலை. அதனால இப்பக் கொஞ்சமாப் புற்று இருக்கிறவங்களைப் பார்த்து டாக்டரே "பொறு, பார்த்துக்கிட்டு இருப்போம்"ங்கிறாரு. அவரு பொறுன்னு சொல்றதுக்கும் நீ சாமிப் படத்துக்குப் பின்னாடி ஒளிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. அவரு தேதி போட்டு ரத்தம் பார்ப்பாரு. நீ தேதி வந்தா தலைவலிங்கிறே.

உன் தலைவலி எதுன்னு எனக்குத் தெரியும். விரல். கையுறை போட்ட ஒரு விரல். பால்காட்டுல அட்டை கடிச்சா புடுங்கி எறிஞ்சுட்டு அடுத்த மரத்துக்குப் போனவன், ஒரு விரலுக்குப் பயந்து கிளினிக்கைத் தள்ளித் தள்ளிப் போடுறே. பத்து விநாடி வேலை. சுரப்பி வழவழப்பா இருக்கா, கல்லு மாதிரிக் கட்டி இருக்கான்னு தடவிப் பார்க்கிறாங்க. "டாக்டர் மிஸ் சின்னப் புள்ளை மாமா"ங்கிறே. அந்தப் புள்ளை காலையில இருந்து உன்னை மாதிரி முப்பது பேரைப் பார்த்துட்டு நிக்கிது. உன்னோடது அவளுக்கு மறந்தே போயிரும், நீதான் வாழ்நாள் பூரா நினைச்சுக்கிட்டு இருப்பே.

சிங்களத்துல எப்படிச் சொல்றதுன்னு கூட்டிட்டுப் போன மருமகளை மொழிபெயர்க்க வச்சுட்டு, அவ முன்னாடி "முதுகு வலி"ன்னு சொல்லிட்டு வந்தியே, அந்தக் கூத்து இன்னும் மேக்கணக்கு வரைக்கும் ஓடுது. கடை வாசல்ல பழைய படத்துக் கதை முழுக்கச் சிங்களத்துல சொல்லத் தெரிஞ்ச ஆளு. இதை மட்டும் சொல்லத் தெரியாதாம். முதுகு வலிக்கு எண்ணெய் எழுதிக் குடுத்தாங்க, வாங்கிட்டு வந்து தேய்ச்சே. குறைஞ்சுச்சா?

நீர்ல ரத்தம் கண்டா, காய்ச்சலோட எரிஞ்சா, இடுப்பெலும்பு ராத்திரியில விடாம வலிச்சா, காரணமில்லாம மெலிஞ்சா, ஒரு சொட்டும் எறங்கலைன்னா, கசாயம் காயுற வரைக்கும் நிக்கக்கூடாது. காவத்தை ஆஸ்பத்திரி கிட்ட இருக்கு. வெத மாத்தயாவும் நல்லவரா இருந்தா அதையேதான் சொல்வாரு. சொல்லாம "என்கிட்ட விட்டுரு"ன்னா, அந்த வீட்டு வாசல்ல செருப்பைக்கூட விடாதே.

இப்ப எந்திரி. வீட்டுக்குப் போய் ரெண்டு எடத்துல இருக்கிறதையும் ஒரே சொப்பிங் பேக்ல போடு. கசாயத்துல என்ன இலை, என்ன பட்டை, பஸ்பம் செந்தூரம் ஏதும் இருக்கான்னு வெத மாத்தயாகிட்டக் கேட்டு ஒரு துண்டுல எழுதி வாங்கு, அதைக் கிளினிக் கொப்பிக்குள்ள வை. கொப்பியை அவருக்கும் காட்டு. டுபாய் வைட்டமினையும் எடுத்துக்க. உருண்டையையும்தான், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், டாக்டர் மிஸ்கிட்ட நீயே சொல்லிக்க.

வியாழக்கிழமை ரத்தினபுரிக்கு நானும் வாரேன். பெல்மதுளையில பஸ் கொஞ்சம் நிக்கும், அங்க எறங்கிப் போயிட்டு வரலாம், கண்டக்டர்கிட்ட நான் சொல்றேன். அங்க நம்பர் துண்டுக்கு விடிய முன்னமே வரிசை புடிச்சிருவாங்க, அதனால மொத பஸ்ஸைப் புடிக்கணும். நீ எப்படியும் மூணு மணிக்கு முழிச்சுத்தானே இருப்பே? வாசல்ல வந்து என்னையும் ஒரு தட்டு தட்டி எழுப்பி விடு.